அன்பில்லாமை என்னும் குற்றம்

இங்கிலாந்தில் சாமானிய நிலையிலிருந்த துரைமக்கள் பலர், கப்பலேறி இந்நாட்டுக்கு வந்தவுடன் ஜில்லாக்களைக் கட்டியாளும் பிரபுக்களாகிவிட்டார்கள். அவர்களுடைய பாஷையைச் சேர்ந்த சில பதங்களுக்கும் அதே யோகம் அடித்தது. 'டிஸ்அபெக்ஷன்' என்பது அத்தகைய பதம். ஆங்கில அகராதியில் அது ஒரு மூலையில் கிடக்கும் சாதுவான சொல். நம் தேசத்துச் சட்டப் புஸ்தகத்தில் புகுந்த பின்னர் அதுவே லோகமான்ய திலகரை மாண்டலேக்கு அனுப்பிற்று, வ. உ. சிதம்பரம் பிள்ளையைச் செக்கிழுக்க வைத்தது. மகாத்மா காந்தியை எரவாடாச் சிறையில் அடைத்தது. இத்தனையும் செய்த சொல்லின் பொருள் யாது என்று கேட்டால், அதைப்பற்றி ஐம்பது வருஷங்களுக்கு மேலாக நீதிபதிகளுக்குள்ளேயே அபிப்பிராய பேதம் இருந்து வந்தது.

அச்சொல்லின் சரித்திரத்தை இப்பொழுது விஸ்தரிப்பானேன் என்று நமது வாசகர்கள் கேட்கலாம். 2024 ஜூலை 1ந் தேதி முதல் பழைய இந்தியன் பீனல் கோடு அகன்று, பாரதிய நியாய சன்ஹிதை அமலுக்கு வந்துவிட்டது. 124-ஏ பிரிவும் அதனோடு போயிற்று. ஆகவே அந்தச் சொல்லும் தொலைந்ததென்று பலர் எண்ணியிருக்கிறார்கள். அது தொலையவில்லை. வேறொரு சட்டத்தில் குடியிருக்கிறது. குடியிருக்கும் இடத்தில் அதன் இலக்கு மட்டும் மாறியிருக்கிறது. அந்த மாறுதலை அறிய வேண்டுமானால் பூர்வ கதையைத் தெரிந்துகொள்வது அவசியம்.

'அபெக்ஷன்' என்பதன் மூலம் லத்தீன். ஒன்றன்மேல் செயல்பட்டு அதில் ஒரு மாறுதலை உண்டாக்குதல் என்பதே ஆதிப்பொருள். மனத்தை ஏதேனும் தொட்டு அசைத்தால் அந்த நிலைக்கு அப்பெயர். உடலை ஏதேனும் தாக்கினால் அந்நோவுக்கும் அப்பெயர். நாளடைவில் மனத்தின் அசைவுகளுள் பிரியம் ஒன்றையே அச்சொல் பெரும்பாலும் குறிக்கலாயிற்று. அதன் முன்னால் விலகலைக் காட்டும் 'டிஸ்' என்ற அடை சேர்ந்து பதினேழாம் நூற்றாண்டில் நமது சொல் பிறந்தது. பிறந்த காலத்தில் அதற்கும் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று மனக்கசப்பு; மற்றொன்று தேக அசௌக்கியம். இந்த இரண்டாவது பொருள் பின்னர் வழக்கிழந்தது. ஆனால் நம் தேசத்து நீதிபதி ஒருவருக்கு அது பயன்பட்டதைக் கீழே காண்போம்.

அந்த நூற்றாண்டின் இடையில் இங்கிலாந்தில் மன்னன் சார்லஸுக்கும் பார்லிமெண்டுக்கும் யுத்தம் மூண்டது. பார்லிமெண்டின் கட்சியார் தம்மைச் சேர்ந்தவர்களை நல்லெண்ணமுடையோர் என்றும், எதிர்க்கட்சியாரைத் தீயெண்ணமுடையோர் என்றும் இதே வேர்ச்சொல்லை வைத்து அழைத்தார்கள். அதாவது ஒருவன் எந்தக் கட்சியில் நிற்கிறான் என்பதை அது குறித்தது. இரு தரத்தாரும் ஆயுதம் தரித்து நின்ற காலம் அது. ராஜ்ய விஷயத்தில் இச்சொல் அடைந்த பொருள் அங்கே தோன்றியதேயன்றிக் காதல் கவிதைகளில் தோன்றியதன்று. இதை மனத்திற் கொண்டால் பின்னால் நம் தேசத்து நீதி ஸ்தலங்களில் நடந்த விபரீதம் விளங்கும்.

1837-ல் மெக்காலே தலைமையில் தயாரான பீனல் கோடு நகலில் 113-வது ஷரத்தாக இப்பதம் இடம்பெற்றது. கம்பெனியின் சர்க்கார்மீது ஜனங்களுக்கு 'டிஸ்அபெக்ஷன்' உணர்ச்சியை எழுப்ப முயல்வது குற்றம் என்பது அதன் சாரம். 1860-ல் கோடு சட்டமானபோது அந்த ஷரத்து விடுபட்டுப் போயிற்று. பத்து வருஷங்களுக்குப் பிறகு, சட்ட மெம்பராயிருந்த ஜேம்ஸ் பிட்ஜேம்ஸ் ஸ்டீபன் 1870-ம் வருஷத்து 27-வது சட்டத்தின் மூலம் அதை 124-ஏ பிரிவாகச் சேர்த்தார்.

இங்கே ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. இப்பிரிவை உலகமெல்லாம் 'ஸெடிஷன்' பிரிவு என்றே அழைத்து வந்தது. தனித்துப் பிரிந்து போதல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அப்பதம். ஆனால் பிரிவின் வாசகத்துக்குள் 'ஸெடிஷன்' என்ற சொல் எங்கும் கிடையாது. ஓரக் குறிப்பாக மட்டுமே அது நின்றது. குற்றத்தை நிர்ணயித்த சொல் 'டிஸ்அபெக்ஷன்' ஒன்றுதான். ஓரத்திலிருந்த சொல்லைப் பற்றி உலகம் தர்க்கித்துக் கொண்டிருக்கையில், நடுவிலிருந்த சொல் தன் வேலையைச் செய்து வந்தது.

சர்க்காரின் நடவடிக்கைகளைக் கண்டிப்பது மாத்திரம் குற்றமாகாது என்று ஒரு விளக்கமும் அதில் சேர்க்கப்பட்டிருந்தது. கண்டனம் வேறு, வெறுப்பு வேறு என்பது சட்டத்தின் கட்சி. சர்க்காரின் செய்கை பிடிக்கவில்லை என்று எழுதலாம். சர்க்காரைப் பிடிக்கவில்லை என்று எழுதலாகாது. உப்பு வரி அநியாயம் என்று பத்திராதிபர் எழுதினால் அது கண்டனம். இத்தகைய அநியாயங்களையே ஓயாமல் செய்துவரும் ஆட்சியிடம் நியாயத்தை எதிர்பார்ப்பது எங்ஙனம் என்று அடுத்த வாக்கியத்தில் கேட்டுவிட்டாரானால் அவர் குற்றவாளி. முதல் வாக்கியத்துக்கும் இரண்டாவது வாக்கியத்துக்கும் இடையிலுள்ள முற்றுப்புள்ளிதான் சிறைச்சாலையின் வாயில்.

இருபது வருஷகாலம் அப்பிரிவு உறங்கிக் கிடந்தது. 1891-ல் கல்கத்தாவில் 'பங்கபாசி' பத்திரிகையின்மீது முதல் வழக்கு நடந்தது. பெண்களின் சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்திய சட்டத்தை அப்பத்திரிகை கடுமையாகத் தாக்கிற்று. அவ்விஷயத்தில் அது எடுத்த கட்சி நமக்குச் சிறிதும் சம்மதமன்று. எனினும் அவ்வழக்கில் பிரதம நீதிபதி பெதரம் ஜூரிகளுக்குக் கூறிய பொருள்தான் முக்கியம். 'அபெக்ஷன்' என்பதற்கு மாறான உணர்ச்சியே 'டிஸ்அபெக்ஷன்', அதாவது விருப்பமின்மை அல்லது துவேஷம் என்றார் அவர். ஜூரிகள் ஏகமனதாக முடிவு கூறவில்லை. பத்திரிகைக்காரர்கள் மன்னிப்புக் கேட்டதன்மேல் வழக்கு முடிந்தது. வழக்கு முடிந்தாலும் வியாக்கியானம் நிலைத்துவிட்டது.

1897-ல் பம்பாய் ஹைகோர்ட்டில் 'கேசரி'யில் வெளியான எழுத்துக்களுக்காகத் திலகர் விசாரிக்கப்பட்டபோது நீதிபதி ஸ்ட்ரேச்சி ஒரு படி மேலே சென்றார். 'டிஸ்அபெக்ஷன்' என்றால் வெறுமனே 'அபெக்ஷன்' இல்லாமை என்று ஜூரிகளுக்கு எடுத்துரைத்தார். துவேஷம், பகைமை, அருவருப்பு, அவமதிப்பு என்ற பல பொருள்களையும் அதனோடு அடுக்கினார். கலகம் விளைந்திருக்க வேண்டுமென்பதில்லை; விளைவிக்க முயன்றிருக்க வேண்டுமென்பதுமில்லை; படிப்பவர் நெஞ்சில் அவ்வுணர்ச்சியை எழுப்ப முயன்றதே போதும். திலகர் எழுதியது மராத்தியில்; ஜூரிகளுள் பெரும்பாலோர் படித்தது இங்கிலீஷ் மொழிபெயர்ப்பை. ஆறு ஐரோப்பிய ஜூரிகள் குற்றவாளி என்றார்கள்; மூன்று இந்திய ஜூரிகள் நிரபராதி என்றார்கள். பதினெட்டு மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. பிரிவி கவுன்சிலில், பின்னாளில் இங்கிலாந்தின் பிரதம மந்திரியான ஆஸ்குவித் திலகருக்காக வாதாடியும் அப்பீலுக்கு அனுமதி கிடைக்கவில்லை.

ஸ்ட்ரேச்சியின் வியாக்கியானத்தைச் சற்று நிதானித்துப் பார்ப்போம். ஒரு சொல்லை இரண்டாக உடைத்து, முன்பாதிக்கு இல்லாமை என்றும் பின்பாதிக்கு அன்பு என்றும் பொருள் கொண்டு, இரண்டையும் கூட்டிக் குற்றத்தை நிர்ணயித்தார் அவர். இவ்விதம் பதம் பிரித்துப் பொருள் சொல்வது பள்ளிக்கூடத்து மாணவனுக்குப் பொருந்தும். யோகரூடியாய் வழங்கும் சொற்களை உறுப்புறுப்பாகப் பிரித்தால் விபரீதமே விளையும் என்பதை நம் நாட்டு இலக்கண ஆசிரியர்கள் நன்கறிவார்கள். பங்கஜம் என்றால் சேற்றிற் பிறந்தது. அதனால் சேற்றிலுள்ள நண்டும் பங்கஜம் என்று வாதிப்பாருண்டோ? ஆயினும் நீதிபதி அவ்வாறே கூறினார். ராஜ்யத்தின் பிரஜை ஒவ்வொருவனும் ராஜ்யத்தின்மீது பிரியம் வைத்தே தீரவேண்டுமென்பது அதன் பலிதார்த்தம். வரி கொடுக்கலாம்; சட்டத்துக்கு அடங்கி நடக்கலாம்; போதாது, நேசிக்கவும் வேண்டும்!

அதே வருஷத்தில் அதே ஹைகோர்ட்டில் 'பிரதோத்' என்ற மராத்திப் பத்திரிகையின் வழக்கு வந்தது. அதை விசாரித்தவர்களுள் மகாதேவ கோவிந்த ரானடேயும் ஒருவர். 'டிஸ்அபெக்ஷன்' என்பது அன்போ நல்லெண்ணமோ இல்லாதிருப்பது மாத்திரம் ஆகாது, அது அதிகாரத்தை மீறி நிற்கத் தூண்டும் ஒருவித அரசியல் வியாதி போன்றது என்ற கருத்துப்பட அவர் தீர்ப்பெழுதினார். வழக்கொழிந்து போன தேக அசௌக்கியப் பொருளின் சாயல் இங்கே வந்து உதவிற்று. குற்றவாளி என்ற முடிவை அவரும் மாற்றவில்லை என்பது உண்மை. ஆனாலும் சொல்லின் மெய்ப்பொருளை நாடியவர் அவரே என்பது நமது அபிப்பிராயம். சர்க்காருக்கு அது ருசிக்கவில்லை. 1898-ல் பிரிவைத் திருத்தி, துவேஷம், அவமதிப்பு என்ற சொற்களைப் புதிதாய்ச் சேர்த்தார்கள். விசுவாசமின்மையும் எல்லா விதப் பகைமை உணர்ச்சியும் 'டிஸ்அபெக்ஷன்' என்பதில் அடங்கும் என்றும் எழுதிவைத்தார்கள். ஸ்ட்ரேச்சியின் பொருள் விரிவு இவ்வாறு சட்டத்திலேயே ஏறிற்று.

1908-ம் வருஷத்தில் அதன் பலனைத் தமிழ்நாடு கண்டது. தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் செய்த பிரசங்கங்களுக்காகச் சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் மார்ச்சு மாதம் கைதானார்கள். ஸெஷன்ஸ் நீதிபதி பின்ஹே ஜூலை 7ந் தேதி தீர்ப்புக் கூறினார். பிள்ளையவர்கள் செய்த பிரசங்கத்துக்காக இருபது வருஷமும், சிவாவுக்கு உடந்தையாயிருந்ததற்காக மேலும் இருபது வருஷமும் தீவாந்தரம். ஹைகோர்ட்டு பின்னர் தண்டனையைக் குறைத்தது. 1912 டிசம்பரில் அவர் விடுதலையானார். 'சுதேசமித்திர'னை ஸ்தாபித்த ஜி. சுப்பிரமணிய ஐயரும் அவ்வருஷத்தில் கைது செய்யப்பட்டார். 'இந்தியா' பத்திரிகையின் பதிவுபெற்ற ஆசிரியர் சீனிவாசன் சிறை சென்றார். பாரதியார் புதுச்சேரி சேர்ந்தார். திலகருக்கு அந்த ஜூலையிலேயே ஆறு வருஷம். அத்தண்டனையை விதித்த நீதிபதி தாவர், 1897-ல் திலகருக்காக ஜாமீன் கேட்டு ஆஜரான வக்கீல். தொழிலில் உள்ளவர்களுக்கு இது ஆச்சரியமளிக்காது.

இந்தக் காலத்தில்தான் இவ்வாங்கிலப் பதங்களுக்குத் தமிழ் தேடவேண்டிய அவசியம் பத்திரிகைகளுக்கு நேர்ந்தது. ராஜத்துவேஷம், ராஜ நிந்தனை, ராஜத்துரோகம் என்ற மூன்றும் வழங்கின. இவற்றுள் ராஜத்துவேஷம் மூலத்துக்கு மிகவும் அணித்தானது. ராஜத்துரோகம் என்பதோ வேறு குற்றத்தின் பெயர். அரசுக்கெதிராக யுத்தம் தொடுப்பது பீனல் கோட்டில் 121-வது பிரிவு. துரோகம் என்ற சொல் பொருந்துமானால் அங்கே பொருந்தும். துரோகம் செய்வதற்கு முன்னால் நம்பிக்கை கொடுத்திருக்க வேண்டும். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவனையே நாம் துரோகி என்போம். அந்நிய சர்க்கார் தனக்குப் பிடிக்கவில்லை என்று மேடையில் கூறியவன் யாருடைய உப்பைத் தின்று யாருக்கு இரண்டகம் செய்தான்? ஆயினும் ராஜத்துரோகம் என்ற பதமே நிலைத்தது. அக்காலத்தில் அதனால் பெரிய ஹானி விளையவில்லை. ஜனங்கள் அதைப் பட்டமாகவே கொண்டார்கள்.

1922 மார்ச்சு 18ந் தேதி ஆமதாபாத்தில் நீதிபதி புரூம்பீல்டு முன்னிலையில் மகாத்மா நின்றார். 'யங் இந்தியா'வில் வெளியான மூன்று கட்டுரைகள் குற்றத்துக்கு ஆதாரம். தாமும் ஒரு பாரிஸ்டராகிய அவர், சொல்லின் பொருளைப் பற்றித் தர்க்கமே செய்யவில்லை, குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஸ்ட்ரேச்சியின் வியாக்கியானத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு, அதனாலேயே சட்டத்தைத் தலைகீழாக நிறுத்தினார். அன்பைச் சட்டத்தால் உற்பத்தி செய்யவோ ஒழுங்கு செய்யவோ இயலாது. ஒரு மனிதரிடமோ ஓர் ஆட்சி முறையிடமோ ஒருவனுக்குப் பிரியமில்லையானால், பலாத்காரத்தை எண்ணாமலும் தூண்டாமலும் இருக்கும் வரையில் அதை முற்றிலும் வெளியிட அவனுக்கு உரிமை இருக்கவேண்டும் என்பது அவருடைய வாக்குமூலத்தின் சாரம். நீதிபதி திலகரின் முன்மாதிரியைக் குறிப்பிட்டு ஆறு வருஷம் விதித்தார். சர்க்கார் அதைக் குறைத்தால் தம்மைவிடச் சந்தோஷப்படுபவர் ஒருவருமிருக்க மாட்டார்கள் என்றும் கூறினார்.

மகாத்மா கேட்ட எல்லைக்கோட்டையே இருபது வருஷங்களுக்குப் பின்னர் பெடரல் கோர்ட்டின் பிரதம நீதிபதி சர் மாரிஸ் குவையர் கிழித்தார். 1942-ல் நிஹாரேந்து தத்த மஜும்தார் வழக்கில், பொதுஜன அமைதிக்குப் பங்கம் அல்லது அப்பங்கம் நேருமென்ற நியாயமான அச்சம் இருந்தாலன்றி இக்குற்றம் இல்லை என்றும், சர்க்கார்களின் புண்பட்ட மமதைக்கு மருந்திடுவதற்காக இச்சட்டம் ஏற்படவில்லை என்றும் தீர்த்தார். 1947-ல், நாம் சுதந்திரமடைந்த அதே வருஷத்தில், பிரிவி கவுன்சில் அது தவறு என்று கூறிற்று. 'ஸெடிஷன்' என்ற சொல்லுக்கு இங்கிலாந்தில் என்ன பொருளாயினும் இங்கே பயனில்லை, அச்சொல் பிரிவில் இல்லவே இல்லை என்பது அவர்கள் காட்டிய காரணம்! ஓரக் குறிப்பும் உள்வாசகமும் வேறென்பதை அதிகார பூர்வமாக எடுத்துக் கூறியதற்கு அவர்களுக்கு நன்றி.

பின்னர் நடந்ததை விரைவாகக் கூறிவிடலாம். அரசியல் நிர்ணய சபை 1948 டிசம்பரில் கே. எம். முன்ஷியின் திருத்தப்படி, பேச்சுரிமைக்குத் தடைகளாகக் குறித்தவற்றிலிருந்து 'ஸெடிஷன்' என்ற சொல்லை நீக்கிற்று. 1951-ல் பண்டித நேரு 124-ஏ பிரிவு மிகவும் ஆட்சேபிக்கத்தக்கது, அருவருக்கத்தக்கது, எவ்வளவு சீக்கிரம் ஒழிகிறதோ அவ்வளவு நல்லது என்ற கருத்தைப் பார்லிமெண்டில் கூறினார். கூறினாரே தவிர ஒழிக்கவில்லை. 1962-ல் கேதார்நாத் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு பிரிவை உயிரோடு வைத்து, பலாத்காரத்தைத் தூண்டும் அல்லது பொது அமைதியைக் குலைக்கும் போக்குடைய பேச்சுக்கே அது பொருந்தும் என்று குவையரின் வழியில் குறுக்கிற்று. ஆனால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 1974-ல் அமலானதிலிருந்து, இக்குற்றத்துக்கு வாரண்டு இல்லாமலே போலீஸார் கைது செய்யலாம் என்றாயிற்று. கேதார்நாத் தீர்ப்பின் நுட்பத்தை நீதிபதி ஆராய்வதற்குள் மனிதன் லாக்கப்பில் இருப்பான். 2022 மே 11ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அப்பிரிவை நிறுத்தி வைத்தது. இங்கிலாந்து அதற்குள், 2009-ல் இயற்றிய சட்டத்தினாலேயே, தன் நாட்டில் 'ஸெடிஷன்' குற்றத்தை ஒழித்துவிட்டது.

இதற்கிடையில் நம் பாஷையில் ஒரு மாறுதல் சந்தடியின்றி நிகழ்ந்தது. ராஜா போய்விட்டார், ஆகவே ராஜத்துரோகம் என்று எழுதப் பத்திரிகைகள் கூசின. காலியான அந்த ஆசனத்தில் தேசத்தை உட்கார வைத்து, 'தேசத்துரோக வழக்கு' என்று எழுதத் தொடங்கின. 124-ஏ பிரிவு பேசியது சட்டப்படி ஸ்தாபிதமான சர்க்காரைப் பற்றி, தேசத்தைப் பற்றியன்று. சர்க்கார் என்பது ஐந்து வருஷத்துக்கொரு முறை ஓட்டுப் பெட்டியின் முன் நிற்பது. ஒரு மந்திரிசபையை ஏசியவனை, மொழிபெயர்ப்பின் பலத்தினாலேயே, பாரத பூமிக்குத் துரோகியாக்கிவிட்டோம். ஸ்ட்ரேச்சியும் செய்யாத காரியம் இது. அவர் அன்பில்லாதவன் என்றார். நம் தலைப்புக்கள் துரோகி என்கின்றன, விசாரணை தொடங்குமுன்னரே.

இப்பொழுது சட்டமும் அவ்வழியே வந்திருக்கிறது. 2023 டிசம்பரில் புதிய சன்ஹிதையைப் பற்றி உள்துறை மந்திரி பார்லிமெண்டில் பேசுகையில், ராஜத்துரோகத்தை அகற்றி அவ்விடத்தில் தேசத்துரோகத்தை வைத்ததாகப் பெருமையுடன் விளக்கினார். புதிய 152-வது பிரிவில் 'டிஸ்அபெக்ஷன்' இல்லை என்பது மெய். பிரிவினை, ஆயுதக் கலகம், நாட்டின் ஒற்றுமைக்கு அபாயம் என்பவற்றை அது பேசுகிறது. நாசகாரச் செயல் என்ற ஒன்றையும் சேர்த்துக்கொண்டு, அதன் பொருளைக் கூறாமல் விடுகிறது. மூன்று வருஷமாக இருந்த மாற்றுத் தண்டனை ஏழு வருஷமாயிற்று. ஆயுள் தண்டனையும் உண்டு.

நமது பழைய பதம் குடியிருப்பது 1967-ம் வருஷத்துச் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில். 2004-ல் அதைத் திருத்தியபோது, 'இந்தியாவுக்கு எதிராக டிஸ்அபெக்ஷன்' உண்டாக்குவதும் சட்டவிரோதச் செயல் என்று சேர்க்கப்பட்டது. அதற்கும் ஏழு வருஷம் வரை தண்டனை உண்டு. பழைய பிரிவில் சர்க்கார் இருந்த இடத்தில் இங்கே இந்தியா இருக்கிறது. கண்டனம் குற்றமன்று என்று 124-ஏ பிரிவில் அச்சொல்லுக்குக் காவலாய் நின்ற விளக்கங்கள் இங்கே அதன் பக்கத்தில் இல்லை. சர்க்காரின்மீது பிரியமின்மை இன்னதென்பதையாவது பெதரம் முதல் பிரிவி கவுன்சில் வரை தர்க்கித்துத் தீர்க்க முயன்றார்கள். ஒரு தேசத்தின்மீது பிரியமின்மை என்பதை எந்தத் தராசில் நிறுப்பது? அணைக்கட்டு வேண்டாமென்று சொல்லும் கிராமத்தானும், யுத்தம் வேண்டாமென்று எழுதும் பத்திராதிபரும் எந்தத் தட்டில் ஏறுவார்கள்? சட்டம் படித்த நமக்கு இதற்கு விடை அந்தச் சட்டத்தின் வாசகத்தில் அகப்படவில்லை.

சட்டத்தைத் திருத்துவது பார்லிமெண்டின் வேலை. தமிழைத் திருத்தமாக எழுதுவது பத்திரிகைகளின் வேலையாதலால், நமது காரியாலயத்தில் சில விதிகளை ஏற்படுத்தியிருக்கிறோம். 1947-க்கு முற்பட்ட வழக்குகளுக்கு ராஜத்துவேஷம் என்று போடவேண்டும். சுதந்திர இந்தியாவில் 124-ஏ பிரிவின்கீழ் நடந்தவற்றுக்கு, சர்க்காரின்மீது வெறுப்பூட்டியதாகக் குற்றச்சாட்டு என்று போடவேண்டும். 152-வது பிரிவானால், போலீஸார் என்ன செயலைக் கூறுகிறார்களோ அதைப் பிரிவின் எண்ணோடு குறிக்கவேண்டும். தேசத்துரோகம் என்ற பதம், யாரேனும் பேசியதை அவருடைய வாய்மொழியாக எடுத்துக் கூறும் இடத்திலன்றி, வேறெங்கும் வரலாகாது. இவ்விதிகளால் தலைப்புக்கள் நீண்டு போகின்றன என்றும், பத்தியின் அகலம் போதவில்லை என்றும் நமது உதவியாசிரியர்கள் முறையிடுகிறார்கள். எழுத்தைச் சற்றுச் சிறியதாக வைத்துக்கொள்ளும்படி கூறியிருக்கிறோம்.